டெக்சாஸில் மின்சாரம் மலிவு

டெக்சாஸில் ஒரு டஜன் முட்டை என்ன விலை, நியூ ஜெர்சியில் என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தெருமுனைக் கடையில் என்ன விலை என்று கேட்டால்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, சாமான்களின் விலையைக் கேட்டு எழுதி, அதை அரசாங்கத்துக்கு அனுப்பிச் சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பதவி உயர்வு இது.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆளுக்கொரு டேப்லெட். கடையில் நின்றபடியே விலையைத் தட்டினால் அது நேரே மேலிடத்துக்குப் போய்விடுமாம். "மேடம், உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க? ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றாள் ஒருத்தி. அவள் "உங்க காலத்துல" என்று சொன்ன விதத்தில், நான் மாட்டுவண்டியில் போய்த் தக்காளி விலை கேட்டவள் என்று நினைத்திருப்பது தெரிந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. போகட்டும். எழுதுகிறேன். ஆனால் இப்போது என் மனதில் கிடப்பதைத்தான் எழுத வரும். அது அஞ்சுகிராமத்தில் தொடங்கி அமெரிக்காவில் போய் நிற்கும். பக்கம் கூடிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டுவதற்கும் அந்தக் கருவியில் ஏதாவது இருக்கும்.

பயிற்சி இரண்டு வாரம் நடந்தது. ஒரே கடை, ஒரே கிழமை, ஒரே ரகம், ஒரே எடை. இந்த எட்டு வார்த்தைகளை இரண்டு வாரம் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதுதான் அங்கே நான் கற்றது. மற்றதை எல்லாம் கற்றுத் தந்தவர் பொன்னையா சார்.

பொன்னையா சார் எங்கள் அதிகாரி. சத்தம் போட மாட்டார். திட்ட மாட்டார். நாம் கொண்டுவந்த தாளைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைப்பார். அவ்வளவுதான், அடுத்த பஸ் நமக்கு என்று அர்த்தம். பேனாவை மூடாமல் கையெழுத்துப் போட்டாரென்றால் அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். எங்கள் பிரிவில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேனாவின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தேங்காயெண்ணெய் விலை எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டிருந்த மாதம். அஞ்சுகிராமத்தில் ஒரு கடைப் பலகையில் மட்டும் பழைய விலை சாக்பீஸில் ஜம்மென்று நின்றது. நான் அதை எழுதிக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினேன். பேனா மூடப்பட்டது.

"ஸ்டெல்லா, சாதனம் இருந்துதா?"

"போர்டுல எழுதிப் போட்டிருந்து சார்."

"போர்டு இருந்துதான்னு நான் கேக்கல்ல. எண்ணெய் இருந்துதா? நீ ஒரு லிட்டர் கேட்டா அவன் எடுத்துத் தருவானா?"

மறுபடி பஸ் ஏறி அஞ்சுகிராமம் போனேன். நோட்டும் பேனாவுமாக வருகிற என்னை எல்லாக் கடையிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எண்ணெய் தீந்து ரெண்டு வாரமாச்சு டீச்சர். விலைய மட்டும் அழிக்கல்ல. பாக்கவங்களுக்கு ஒரு சந்தோஷம்லா!"

கிடைக்காத சாமானுக்கு விலை இல்லை. 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும், மலிவு என்று எழுதக்கூடாது. இதற்காக நான் ஒரு முழுநாள் பஸ்ஸில் ஆடினேன். இன்றைக்கு உங்கள் டேப்லெட்டில் இதற்கும் ஒரு பொத்தான் இருக்கும். தட்டிவிட்டுப் போங்கள்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சில வருடங்களுக்கு முன் புயல் ஒன்று எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. வாழையும் ரப்பரும் படுத்துக் கிடந்தன, மின்கம்பங்கள் அவற்றின்மேல் படுத்துக் கிடந்தன. நாகர்கோவில் பல நாள் இருட்டில் இருந்தது. அந்த வாரமும் விலை எடுக்கும் கிழமை தவறாமல் வந்தது. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த பொன்னையா சார் அலுவலகத்தில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், கடை எல்லாம் அடைச்சுக் கெடக்கு" என்றேன்.

"அடைச்சிருந்தா அடைச்சிருக்குன்னு எழுது. ஆனா போய்ப் பாத்துட்டு எழுது."

கோட்டாற்றில் மீரான் பாயின் மளிகைக் கடையில் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். பின்னறையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வைத்தால் ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட வரும் என்று உள்ளே வைத்திருந்தார். பின்வாசல் கதவையும் அடைத்துவிட்டிருந்தார். அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் முகம் நல்ல சிவப்பாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பாய், புழுங்கலரிசி என்ன விலை?"

சொன்னார். அது போன வருட விலை. மீண்டும் கேட்டேன். இன்னொரு விலை சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது, "வாங்க டீச்சர், எப்ப வந்தீங்க?" என்றார். இருபது வருடமாக எனக்கு விலை சொல்கிற மனிதர், விலை விஷயத்தில் ஒருநாளும் தடுமாறியவர் இல்லை. எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியிருந்தது. அந்த மூட்டையில் கொஞ்சம் உட்காரலாமே என்று ஆசையாக இருந்தது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் புரிய, வெளியே வந்து பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் ஷட்டரைத் தூக்கி, பாயை இழுத்து வந்து ரோட்டோரம் படுக்கவைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், ஜெனரேட்டர் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்.

நான் அலுவலகம் வந்து தாளை நீட்டினேன். அரிசிக்கு நேரே காலியாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். பொன்னையா சார் தாளின் அடியில் இருந்த காரணப் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். விலை ஏன் இல்லை என்பதற்கு அந்தத் தாளில் காரணங்கள் உண்டு. கடை அடைப்பு, சரக்கு இல்லை, ரகம் மாறியது. கடைக்காரர் மயக்கம் என்று ஒன்று இல்லை. கடைசியில், "ஷட்டர் முக்காவாசி இறங்கியிருந்துன்னுதான சொன்ன?" என்று கேட்டு, 'கடை அடைப்பு' என்று தன் கையாலேயே எழுதினார். மறுநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பாயைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது அரிசி விலையோடு வந்தார்.

இனி அமெரிக்கா.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அமெரிக்காவின் மாநிலங்கள் வாசலில் குடையைத் தேடிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அதுதான் எங்கள் பெயர். "கலிபோர்னியாவுக்கு மூட்டுவலி, இன்னைக்கு வரல்ல." "நியூ ஜெர்சி வந்தாச்சா?" நியூ ஜெர்சி என்பது நான். என் மகள் பெனிட்டாவும் மருமகன் ஜாபினும் அங்கேதான் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார்கள். டெக்சாஸ் என்பது லில்லி அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மகன் அங்கே இருக்கிறான். அந்த மாநிலத்தை மகன்தான் கட்டி முடித்தான் என்கிற மாதிரிதான் பேசுவார்.

"என்னத்துக்குட்டி ஸ்டெல்லா அந்தப் பிள்ளைய பனியில போட்டு வாட்டுதே? டெக்சாஸுக்கு வரச் சொல்லு. நம்ம ஊரு வெயிலு கேட்டியா. வீடு ஒவ்வொண்ணும் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு."

"எங்களுக்கு டிரெயின் உண்டுக்கா. வாசல்ல ஏறினா ஆபீஸ்ல இறங்கலாம்."

"எங்களுக்கு கார் உண்டு."

"எங்க ஊருல தமிழ்க் கடையில மரச்சீனிக்கிழங்கு கெடைக்கும்."

"எங்களுக்கு மாநில வருமான வரி கெடையாது" என்பார் லில்லி அக்கா, பாசுமதி அரிசியில் கல் கிடையாது என்று சொல்கிற அதே குரலில்.

இந்தச் சண்டையில் நான் தோற்றேன். பேத்தி நேயா பிறந்ததும் ஜாபினுக்கு ஒற்றைப் படுக்கையறை வீடு மூச்சு முட்டியது. டெக்சாஸில் வேலை கிடைத்தது. அவன் இரண்டு மாநிலங்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு அட்டவணை போட்டு எனக்கு அனுப்பினான். "மாமி, நீங்க எக்ஸ்பர்ட். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். வாடகை, வீட்டு வரி, பால், முட்டை, பெட்ரோல், குழந்தைக் காப்பகம், எல்லாம் இருந்தது. மின்சாரம்: நியூ ஜெர்சியில் கூடுதல், டெக்சாஸில் மலிவு. குளிர்: நியூ ஜெர்சியில் ஐந்து மாதம், டெக்சாஸில் 'இல்லை'. கடைசி வரியில் வாழ்க்கைத் தரம். நியூ ஜெர்சிக்குப் பத்துக்கு ஏழு, டெக்சாஸுக்கு எட்டரை. அரசாங்கம் எங்களை ஒருநாளும் மனிதர்களின் சந்தோஷத்துக்கு மார்க் போட விட்டதில்லை. ஐ.டி. கம்பெனிகள் விடுகின்றன போலிருக்கிறது.

"தம்பி, அங்க ஒரு ரூம் வீட்டையும் இங்க நாலு ரூம் வீட்டையும் ஒப்பிட்டிருக்கே. ரகம் மாறியிருக்குல்லா?" என்றேன்.

"மாமி, இது கவர்ன்மெண்ட் கணக்கு இல்ல. நம்ம வாழ்க்கை."

மற்றபடி விலைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நான் பேனாவை மூடவில்லை. பிள்ளையைப் பனியிலிருந்து வெளியே எடுக்கும் சந்தோஷம் எனக்கும் இருந்தது. பெனிட்டா கனமான குளிர்க்கோட்டுகளை எல்லாம் அங்கிருந்த சபைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, நாகர்கோவிலுக்கு வருகிற மாதிரி மெல்லிய சட்டைகளோடு டெக்சாஸ் போய் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் என் பெயர் மாறியது. ஒரே மாநிலத்தில் இரண்டு பேர் ஆகிவிட்டதால், நான் சின்ன டெக்சாஸ்.

வீட்டை வீடியோவில் சுற்றிக் காட்டினார்கள். குளிரச் செய்வதும் மின்சாரம், சூடாக்குவதும் மின்சாரம், அடுப்பும் மின்சாரம். வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகையின் பெரிய கதவு, பொத்தானை அமுக்கினால் தானே சுருண்டு மேலே போனது. நேயா கைதட்டினாள். நானும் தட்டினேன்.

முதல் குளிர்காலம். இல்லாத குளிர், அட்டவணையைப் படிக்காமல் வந்துவிட்டது. மழை விழுந்தபடியே கண்ணாடியாக உறைந்து மரங்களை முறித்தது. மின்சாரம் போனது. "வந்துரும்மா, கம்பெனி மெசேஜ் போட்டிருக்கான்" என்றாள் பெனிட்டா. எனக்கு அன்று தக்கலையில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் லில்லி அக்கா. மேடையில் கீபோர்டு வாசிக்கிறவர் மண்டபத்தின் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிரியாணி வைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் போன் வந்தது. நமக்கு மத்தியானம் என்றால் அவர்களுக்கு நடுராத்திரி.

"என்னட்டி, கரண்ட் வந்துதா?"

"இல்லம்மா. வீடு ஐஸ்பெட்டி மாதிரி ஆயிட்டு. நாங்க கார்ல இருக்கோம். ஹீட்டர் போட்டிருக்கோம். நல்ல சூடா இருக்கு."

"நேயா?"

"தூங்கிட்டா. அவரும் தூங்கிட்டாரு. நல்ல சூடா இருக்கும்மா."

"கார் எங்க நிக்குது?"

"கொட்டகையிலதான். நல்ல சூடா இருக்கு."

கீபோர்டு சத்தத்துக்குக் கீழே, அவளுடைய குரலுக்குப் பின்னால், கார் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரே வாக்கியத்தை மூன்றாவது முறை சொல்கிறாள். நாக்கு குழறுகிறது.

"ஏட்டி, கதவு திறந்திருக்கா?"

"தல வலிக்கும்மா."

"பெரிய கதவு! திறந்திருக்கா அடைச்சிருக்கா?"

"கரண்ட் இல்லேல்லா, எப்படித் திறக்கும்?" என்றாள். அதன் பிறகு பேசவில்லை. அழைப்பு துண்டாகவும் இல்லை. கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, என் காதுக்குள்.

நான் எழுந்த வேகத்தில் இலை சரிந்து பிரியாணி லில்லி அக்காவின் பட்டுச்சேலையில் கொட்டியது. "பெனிட்டா! பெனிட்டா! எழும்பு!" என்று கத்தினேன். கீபோர்டு நின்றது. மணமகன் உட்பட மண்டபமே என்னைப் பார்த்தது. போனைத் துண்டித்தால் மறுபடி எடுக்கமாட்டாளோ என்ற பயத்தில் காதை விட்டு எடுக்கவில்லை. ஒரு கையால் லில்லி அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, கார்ப் புகை. கதவு அடைச்சிருக்கு. பிள்ளைங்க உள்ள கெடக்கு."

லில்லி அக்கா டெக்சாஸின் பெருமை ஒன்றும் பேசவில்லை. சேலையைத் துடைக்கவும் இல்லை. தன் போனை எடுத்து மகனை அழைத்தார். "ஏலே, எழும்பு. ஸ்டெல்லா மகளுக்கு ஆம்புலன்ஸ் விடு. ஏன்னு கேக்காத. இந்தா, அட்ரஸ் எழுது." என் பக்கம் திரும்பி, "சொல்லுட்டி" என்றார்.

வீட்டு எண்ணிலிருந்து அஞ்சல் எண் வரை சொன்னேன். மாதம் தவறாமல் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் பார்சல் அனுப்பிய கை என்னுடையது. அக்கா ஒவ்வொரு வார்த்தையாக அவனுக்குத் திருப்பிச் சொன்னார். நான் மறுபடி கத்தத் தொடங்கினேன். இப்போது மகள் பெயரை விட்டுவிட்டுப் பேத்தி பெயரைச் சொல்லிக் கத்தினேன். "நேயா! நேயாக்குட்டி! பாட்டி கூப்பிடுதேன்! நேயா!"

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஏதோ ஒரு நேரத்தில் போனுக்குள் மெலிதாக ஒரு சிணுங்கல் கேட்டது. பிறகு அழுகை. அதைவிட நல்ல சத்தம் எந்த ஆலயத்திலும் நான் கேட்டதில்லை. அந்த அழுகையில்தான் பெனிட்டா அசைந்தாள்.

"என்னத்துக்கும்மா கத்துதே?"

"பிள்ளையத் தூக்கு. கார விட்டு இறங்கு. வீட்டுக்குள்ள போ. ஒண்ணும் பேசாத, இறங்கு."

"வெளிய குளிருமே..."

"குளிரட்டும்! இறங்குட்டி!"

கார்க் கதவு திறந்தால் வருமே ஒரு மணிச்சத்தம், அது கேட்டது. எதிலோ மோதி விழுந்த சத்தம். சமையலறைக் கதவு. பிள்ளையின் அழுகை ஓங்கியது.

"அவரு எழும்ப மாட்டேங்காரும்மா" என்றாள். பிறகு போன் செத்துப்போனது.

அடுத்து வந்த நேரத்தை நான் எழுதப் போவதில்லை. லில்லி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் மகனின் அழைப்பைக் காதில் வைத்தபடி, அங்கே நடப்பதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய கதவை உள்ளிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாலே கையால் தூக்கலாமாம். மேலே சிவப்புக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்ததாம். பொத்தான் இருக்கிற வீட்டில் கயிற்றை யார் பார்க்கிறார்கள்? ஜாபினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் ஒரு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். அவனுக்குத்தான் ஆக்சிஜன், ஸ்கேன், சோதனை என்று நாட்கள் இழுத்தன. இப்போது நன்றாக இருக்கிறான். சில நேரம் பேச்சின் நடுவே ஒரு சொல்லைத் தேடுகிறான். அது சரியாகிவிடும் என்கிறார்கள்.

மின்சாரக் கம்பெனியிடமிருந்தும் கடிதம் வந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். அடுத்த வருடத்துக்கும் தங்களிடமே ஒப்பந்தம் போட்டால் விலையில் இன்னும் தள்ளுபடி உண்டாம்.

நியூ ஜெர்சிக்கே திரும்பிப் போங்கள் என்று கெஞ்சினேன். ஜாபின் புதிய அட்டவணை போட்டான். ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்த்தான், புகையைக் கண்டால் கூவுகிற கருவியைச் சேர்த்தான், கோட்டுகளை மறுபடி வாங்கியதைச் சேர்த்தான். அப்போதும் டெக்சாஸ்தான் முன்னால் நின்றது. வாழ்க்கைத் தரத்துக்கு மட்டும் அரை மார்க் குறைத்திருந்தான். வீட்டுக் கடன் ஓடுகிறது, காப்பகத்தில் நேயாவுக்குத் தோழிகள் கிடைத்துவிட்டார்கள், பெனிட்டாவுக்கும் அங்கே வேலை அமைந்துவிட்டது. "இங்கதாம்மா இருப்போம்" என்றாள். கணக்கு சரி என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் தெருவில் யார் வீட்டிலாவது கார் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன். எதிர்வீட்டுப் பையன் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, "நிப்பாட்டிட்டேன் ஆன்ட்டி" என்கிறான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். கலிபோர்னியா மூட்டுவலி குறைந்து வந்திருந்தது. லில்லி அக்கா அவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்.

"எங்க டெக்சாஸ்ல ரோட்ட நீ பாக்கணும்ட்டி. என்னா அகலம்! நம்ம தக்கலை ரோடு மாதிரி ஏழெட்டு அதுக்குள்ள கெடக்கும். என்னட்டி ஸ்டெல்லா, உள்ளதுதான?"

முன்பு என்றால் பதிலுக்கு ஒரு டிரெயினை ஓட்டியிருப்பேன்.

"ஆமாக்கா, நல்ல அகலம்" என்றேன். "ஐஸ் கெடந்த அன்னைக்கும் ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வந்துட்டு!"

நான் கிண்டல் செய்கிறேனா என்று லில்லி அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தன் குடையை விரித்து, என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.